முதல் ஆறு வேட்டு

தனகோடி: ஏழு ரூவா எட்டணா, பாய். கருங்குழி கோதண்டராமன் மொதலாளி உனக்குத் தர வேண்டிய பாக்கி. எண்ணிப் பாத்துக்க.

கியாசுதீன்: இருப்பா, லேத்து சத்தத்துல ஒண்ணும் காதுல விழல... ஆங், நிறுத்திட்டேன். இன்னா சொன்னே?

தனகோடி: பாக்கி கொணாந்துகீறேன். ஏழு ரூவா எட்டணா.

கியாசுதீன்: கருங்குழியார் பாக்கியா? ரோஷன் பீவி, இங்க வந்து பாரு. கருங்குழியார் துட்டு தானா நடந்து செங்கல்பட்டுக்கு வந்துகீது.

ரோஷன் பீவி: லேத்தை ஓட்டிகினு கீறீங்களா, கனா கண்டுகினு கீறீங்களா? ரெண்டு வாட்டி ஆள் அனுப்பி வராத துட்டு.

கியாசுதீன்: கனா இல்லடி. அஞ்சு ரூவா நோட்டு ஒண்ணு, ரெண்டு ரூவா நோட்டு ஒண்ணு, எட்டணா ஒண்ணு. சட்டமா கீது.

ரோஷன் பீவி: வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. அந்த மனுஷன் கிட்டேருந்து துட்டு வருதுன்னா ஒண்ணு நோட்டு கள்ள நோட்டு, இல்லாட்டி வேற ஏதோ வோணும் அவருக்கு.

கியாசுதீன்: கேட்டியாப்பா? எங்க வூட்டுல இதான் பேச்சு. உன் பேரு இன்னா? உன்னை இதுக்கு முன்னால பாத்ததில்லியே.

தனகோடி: தனகோடி. மொதலாளி கிட்ட வேலை செய்யறேன். மாவலிபுரத்துக்குத் தெக்கால அவுரு சவுக்குத் தோப்பு கீது இல்ல, அங்க.

கியாசுதீன்: வேலைக்கு வந்த அன்னிக்கு அவரை வண்டியில இட்டுனு வந்தது நீயா?

தனகோடி: அது... வேற ஆளு.

கியாசுதீன்: சரி விடு. பதினெட்டு மைலு வந்துகீறே, உக்காரு. டீத்தண்ணி குடிப்பியா? எங்க கையால குடிப்பே இல்ல?

தனகோடி: குடிப்பேன் பாய். அப்பால குடிக்கறேன். மொதல்ல ரசீது.

கியாசுதீன்: ரசீதா? ஏழரை ரூவாக்கா? இருவது ரூவாக்கு மேல போனாதானே ரசீது, ஸ்டாம்பு எல்லாம். எனக்கும் அவருக்கும் நடுவுல இன்னிக்கு வரைக்கும் வாய்ப்பேச்சுதான்.

தனகோடி: இந்த வாட்டி ரசீது இல்லாம வராதேன்னு சொல்லிட்டாரு. ஒரு கடுதாசியும் குடுத்து அனுப்பிகீறாரு. உன் கையிலதான் குடுக்கணுமாம். இந்தா.

கியாசுதீன்: ஒட்டிகீதே. கோந்து போட்டு ஒட்டிகீறாரு பாரு, ஏதோ கலெக்டருக்கு எழுதறாப்பல... கண்ணாடி எங்க வெச்சேன்... ஆங், நெத்தி மேலயே கீது. இரு, படிக்கறேன்.

தனகோடி: படி.

கியாசுதீன்: ...

தனகோடி: இன்னா பாய் எழுதிகீறாரு?

கியாசுதீன்: ஒண்ணுமில்ல. சும்மா... சுகமான்னு கேட்டுகீறாரு.

தனகோடி: சுகமான்னு கேக்கவா கோந்து போட்டாரு?

கியாசுதீன்: பெரிய மனுஷங்க பழக்கம் அது. சரி, ரசீது எழுதித் தரேன். அன்னிக்கு நான் பண்ணது பம்புசெட்டு வேலை. அதான் எழுதணும். பம்புசெட்டு வேலைக்குக் கூலி.

தனகோடி: எந்த பம்புசெட்டு?

கியாசுதீன்: எந்த பம்புசெட்டுன்னா... அவரோட பம்புசெட்டுதான்.

தனகோடி: தோப்புல கவலைதான் கீது. மாடு கட்டி எறைக்கறோம். கருங்குழி வூட்டுலயும் கயிறு போட்டு எறைக்கற கெணறுதான். எந்த பம்புன்னு கேட்டேன்.

கியாசுதீன்: உனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? வந்த வேலை இன்னா, துட்டைக் குடுத்து ரசீது வாங்கறது. வாங்கிகினு போயேன்.

தனகோடி: சரி பாய். நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. 'கியாசுதீனுக்கு. உன் பாக்கி ரூபாய் ஏழு அணா எட்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். பம்புசெட் வேலைக்கு என்று ரசீது எழுதிக் கொடுக்கவும். ரிவால்வர் சம்பந்தமாக என் வீட்டிலிருந்து யாரும் உன்னிடம் வந்ததில்லை, நீயும் எந்த வேலையும் செய்யவில்லை. போலீசார் விசாரித்தால் இதையே சொல்லவும். படித்ததும் எரித்துவிடவும். கொண்டு வருகிறவனுக்குப் படிக்கத் தெரியாது, கவலை வேண்டாம்.' ஒரு எழுத்து தப்பா சொல்லிகீறேனா?

கியாசுதீன்: யா அல்லா... ஒட்டின கடுதாசியை எப்படிப்பா...

தனகோடி: வழியில திருக்கழுக்குன்றத்துல தண்ணி தொட்டுப் பிரிச்சேன். நாலு வாட்டி படிச்சேன். மொத வாட்டி எழுத்துக் கூட்டத்தான் முடிஞ்சுது. நாலாவது வாட்டிதான் இன்னா சொல்றாருன்னு புரிஞ்சுது. அப்பால மறுபடியும் ஒட்டினேன்.

கியாசுதீன்: உனக்குப் படிக்கத் தெரியும்னு அவருக்குத் தெரியாதா?

தனகோடி: மாவலிபுரத்துல மார்கரெட்டுன்னு ஒரு டீச்சரம்மா. ராத்திரியில மீன்காரங்களுக்கும் மரம் வெட்டறவங்களுக்கும் சொல்லிக் குடுப்பாங்க. போன தை மாசம் சேந்தேன். நாப்பத்திரண்டு வயசுல அ, ஆ. மொதலாளி கிட்ட சொல்லல. கூலி வாங்கறப்போ இன்னிக்கும் கட்டை வெரல்தான் வெக்கறேன்.

கியாசுதீன்: ஏன் சொல்லல?

தனகோடி: கூலிப் புஸ்தகத்துல இன்னா எழுதறாருன்னு பாக்கணும்ல.

கியாசுதீன்: நீ சாமானிய ஆளு இல்லப்பா... சரி, போலீசுன்னு எழுதிகீறாரே. எதுக்குப் போலீசு? அந்த ரிவால்வருக்கு இன்னா ஆச்சு?

தனகோடி: வெடிச்சிட்டுது.

கியாசுதீன்: வெடிக்கறதுக்குத்தானே அது...

தனகோடி: அப்படி இல்ல பாய். குண்டு முன்னால போவல. தோட்டா போடற உருளை பொளந்துகினுச்சு. மேல் பட்டை பிச்சிகினு பறந்து மரத்துல குத்திகினு நின்னுது. கைப்பிடிதான் மீதி.

கியாசுதீன்: மொதலாளிக்கு...? ஐயாவுக்கு இன்னா ஆச்சு? உசுரோட கீறாரா?

தனகோடி: அவருக்கு ஒண்ணும் ஆவல. கடுதாசி எழுதறாரே.

கியாசுதீன்: ஆமா... ஆமா, எழுதிகீறாரு. அல்லா காப்பாத்தினான். அப்போ யாருக்கும்...

தனகோடி: தர்மராஜுக்கு.

கியாசுதீன்: அது யாரு?

தனகோடி: என் தம்பி.

ரோஷன் பீவி: இந்தாங்க டீ. ஏம்ப்பா, நீ ஏன் நின்னுகினே கீறே? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுகினு... இன்னாங்க, உங்க மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துகீது?

கியாசுதீன்: நீ உள்ள போ.

ரோஷன் பீவி: நோட்டு கள்ள நோட்டா?

கியாசுதீன்: உள்ள போன்னு சொன்னேன்.

தனகோடி: இருக்கட்டும் பாய், அவங்களும் கேக்கட்டும். அக்கா, உங்க வூட்டுக்காரரு எங்க மொதலாளி துப்பாக்கிக்கு வேலை பண்ணிக் குடுத்தாரு. அது என் தம்பி கையில வெடிச்சிட்டுது. பத்து நாளாச்சு. இதே ஊருல பெரியாஸ்பத்திரியில படுத்துகீறான்.

ரோஷன் பீவி: எந்தக் கை?

தனகோடி: வலது. மூணு வெரலு அங்கியே போயிடுச்சு. மிச்சத்தை வெச்சுகினு பிரயோசனம் இல்லன்னு டாக்டரு மணிக்கட்டோட எடுத்துட்டாரு. ஒரு கண்ணுல கட்டு. அது இன்னும் தெரியல.

ரோஷன் பீவி: இன்னா வேலை பண்றவன்?

தனகோடி: மரம் வெட்டறவன். கோடாலி புடிக்கற கை அது.

கியாசுதீன்: நான் வேணும்னு பண்ணலப்பா. உன் தம்பி பேருகூட இப்போதான் தெரியும் எனக்கு.

தனகோடி: அது எனக்குத் தெரியும். நான் சண்டை போட வரல. இப்போ அவன் கட்டில் காலாண்ட ஒரு போலீசு உக்காந்துகீது. திருட்டுக் கேசு.

கியாசுதீன்: கை போனவன் மேலயா?

தனகோடி: தர்மராஜ் பீரோவத் தொறந்து துப்பாக்கியைத் திருடினான், எங்கியோ பழைய மிலிட்டரி தோட்டா வாங்கினான், அது உள்ள போவாததால அவனே உருளையை அரத்தால அராவினான், முயல் சுடப் போயி கெடுத்துகினான். மொதலாளி இப்படி எழுதிக் குடுத்துகீறாரு. துப்பாக்கிக்கு வேற நஷ்டஈடு கேட்டுகீறாரு.

கியாசுதீன்: அரத்தால அராவினானா? அந்த வேலையைப் பாத்தா அரத்தால பண்ணாப்பல கீதா? கண்ணுல ஒத்திக்கலாம், அப்படி மழமழன்னு எடுத்துகீறேன்.

ரோஷன் பீவி: இதுலயா பெருமை?

கியாசுதீன்: இல்ல... வாயில வந்துட்டுது.

தனகோடி: வெள்ளிக்கிழமை மாஜிஸ்திரேட்டு முன்னால வருது. வக்கீல் குமாஸ்தா தேவசகாயம்னு ஒருத்தரு, நல்ல மனுஷன், என் கிட்ட காசு கூட கேக்கல. அவரு சொன்னாரு, அந்த உருளையில யாரு வேலை பண்ணாங்கன்னு ஒரு காயிதம் கெடைச்சா கேசு நிக்காதுன்னு. மொதலாளிக்கும் அது தெரியும். அதான் துட்டு தானா நடந்து வந்துகீது.

கியாசுதீன்: லைசென்ஸு போயிடும்னு பயம் அவருக்கு. லைசென்ஸுல எழுதின தோட்டா வேற, போட்டது வேற.

தனகோடி: பாய், எனக்கு ஒண்ணு புரியல. அதைச் சொல்லு. துப்பாக்கி நல்ல துப்பாக்கி. தோட்டாவும் புதுசு, எண்ணெய்க் காயிதத்துல சுத்தி டின்னுல இருந்துச்சு. அப்பால ஏன் வெடிச்சுது?

கியாசுதீன்: அது... சொன்னா உனக்குப் புரியுமோ இன்னாவோ.

தனகோடி: நாலு வாட்டி சொல்லு. புரியும்.

கியாசுதீன்: அது வெள்ளைக்காரப் பட்டாளத்து ரிவால்வரு. மொத உலகச் சண்டைக்காகப் பண்ணது. ஊருக்குப் போறப்போ ஒரு தொர அவருக்கு வித்துட்டுப் போனான். துப்பாக்கி நடுவுல மடங்கும். பூட்டைக் கட்டை வெரலால தள்ளி மடக்கினா, சுட்ட காலித் தோட்டா ஆறும் ஒண்ணா எகிறி வெளிய விழும். பாக்கவே அழகா இருக்கும். அதுக்குன்னு தோட்டா கீது. கட்டையா குண்டா, அடியில மோதிரம் போட்டாப்பல விளிம்பு. அந்த விளிம்பு உருளை முதுகுல உக்காந்துக்கும்.

தனகோடி: அந்தத் தோட்டா எங்க?

கியாசுதீன்: தீந்துபோச்சு. மெட்ராசுல மவுண்டு ரோட்டுக் கடையில கேட்டதுக்கு, சரக்கு சீமையிலருந்து வரணும், எப்போ வரும்னு தெரியாதுன்னுட்டான். அந்த டயத்துலதான் பல்லாவரத்துல பட்டாளத்துச் சாமான் ஏலம். இவரு தார்ப்பாயும் இரும்பும் ஏலம் எடுத்தாரு. அந்த லாட்டுக்குள்ள ஒரு டின்னு. தொறந்தா அமெரிக்காக்காரன் தோட்டா.

தனகோடி: அது வேறயா?

கியாசுதீன்: பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரி இருக்கும். பருமன் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா அது பிஸ்டலுக்குன்னு பண்ணது. விளிம்பு கெடையாது. ரிவால்வருல போட்டா நிக்காது, உள்ள எறங்கிடும். அடிச்சா சுத்தியலு எட்டாது.

தனகோடி: அப்பால எப்படி நின்னுது?

கியாசுதீன்: அரை நெலா மாதிரி ஒரு தகடு. மூணு தோட்டாவோட இடுப்பை ஒரு தகடு புடிச்சுக்கும். ரெண்டு தகடு, ஆறு தோட்டா. அந்தத் தகட்டுக்கு எடம் வோணுமில்ல? உருளை முதுகுல துளி கொறைச்சேன். அவ்ளோதான் நான் பண்ண வேலை. அமெரிக்காவுல கடையிலயே இப்படிப் பண்ணி விக்கறானாம், மொதலாளி ஏதோ புஸ்தகத்துல படம் காட்டினாரு.

தனகோடி: உக்காந்துச்சா?

கியாசுதீன்: உக்காந்துச்சு. அதான்ப்பா சொல்றேன். போட்டேன், உக்காந்துச்சு. சுத்தினேன், சுத்துச்சு. மூடினேன், பூட்டு க்ளிக்குன்னு விழுந்துச்சு. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல சந்தோஷத்துல. இவளைக் கேளு. ஒரு ஊரு தோட்டா, இன்னொரு ஊரு துப்பாக்கி, ரெண்டையும் செங்கல்பட்டு லேத்து சேத்து வெச்சுதுன்னு சொல்லிகினே திரிஞ்சேன்.

ரோஷன் பீவி: சொன்னாரு. என்னமோ பொண்ணுக்கு மாப்புள்ள பாத்துட்டாப்பல சொன்னாரு.

தனகோடி: சரி. உக்காந்துச்சு. தாங்குமா?

கியாசுதீன்: இன்னாது?

தனகோடி: வண்டியில எத்தினி மூட்டை ஏறும்னு ஒரு கணக்கு. அச்சு எத்தினி மூட்டை தாங்கும்னு இன்னொரு கணக்கு. ஏத்தறதுக்கு எடம் இருந்தா மட்டும் போதாது. நான் வண்டி ஓட்டறவன்... ஓட்டியும் கீறேன். அதான் கேக்கறேன். தோட்டா உக்காந்துச்சு. இரும்பு அதைத் தாங்குமா? சொல்லு பாய்.

கியாசுதீன்: அந்தத் தோட்டா மருந்துக்கு வேகம் ஜாஸ்தி. ரிவால்வரு இரும்பு அதுக்கு அளவெடுத்துப் பண்ணது இல்ல. பழைய தோட்டா தள்ளினா, இது ஒதைக்கும். உருளையில ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் வெட்டிகீது, பூட்டு விழறதுக்கு. அங்க சுவரு மெலிசு. மொத வேட்டுலயே போவணும்னு இல்ல. ஒண்ணு தாங்கும், ரெண்டு தாங்கும்...

தனகோடி: மூணு தாங்குச்சு. நாலாவதுதான் போச்சு.

கியாசுதீன்: நாலாவதா...

தனகோடி: மொத மூணும் நல்லா வெடிச்சுது. மொதலாளி கைதட்டினாரு. 'போடுடா மிலிட்டரி, இன்னும் போடு'ன்னாரு. தர்மராஜ் சண்டை டயத்துல பட்டாளத்துல இருந்தான். பட்டாளம்னா துப்பாக்கி புடிக்கற பட்டாளம் இல்ல, அஸ்ஸாம் பக்கம் ரோடு போடற கூலிப் பட்டாளம். ஒரு குண்டுகூட சுட்டதில்ல. ஆனா எல்லாரும் மிலிட்டரின்னு கூப்புடுவாங்க, அவனுக்கும் அதுல ஒரு குஷி.

ரோஷன் பீவி: அப்போ உங்க மொதலாளிதான் அந்தப் புள்ள கையில குடுத்தாரா? திருடலியா?

தனகோடி: பட்டப்பகல் அக்கா. பதினோரு மணி. தோப்புல ஏழெட்டு பேரு மரம் வெட்டிகினு இருந்தோம். இன்னிக்கு ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டேன்றான். எல்லாருக்கும் அவரு தோப்புலதான் கஞ்சி.

ரோஷன் பீவி: இன்னாங்க... அந்தத் தோட்டா ஒதைக்கும், அந்த எடம் மெலிசுன்னு இப்போ சொன்னீங்களே. அது இப்போ தெரிஞ்சுதா, அப்போவே தெரியுமா?

கியாசுதீன்: நான் லேத்துக்காரன்டி. துப்பாக்கி சமாச்சாரம் எனக்கு எப்படி...

ரோஷன் பீவி: ஆவடியில மூணு வருஷம் இன்னா பண்ணீங்க? அரிசி பொடைச்சீங்களா?

தனகோடி: ஆவடியிலயா?

கியாசுதீன்: சண்டை டயத்துல அங்க மிலிட்டரி டிப்போவுல இருந்தேன். துப்பாக்கி ரிப்பேரு செட்டுல ஒரு சார்ஜன்ட்டு. குடிகாரன், ஆனா வேலைக்காரன். இந்த ரெண்டு தோட்டாவையும் ஒரு நாளு மேஜை மேல நிறுத்தி வெச்சு, கலந்துடாதீங்கடான்னு எல்லாருக்கும் சொன்னான். ஒண்ணு கழுதை, ஒண்ணு குதிரை, பாத்தா தெரியாது, பூட்டினாதான் தெரியும்னு சொன்னான்.

தனகோடி: அப்போ தெரியும்.

கியாசுதீன்: பத்து வருஷத்துக்கு முன்னால சொன்னது. அரைகொறையா ஞாபகம். தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது.

தனகோடி: பாய், என் தம்பிக்கு இருவத்தெட்டு வயசு. பொண்டாட்டி பேரு வேண்டா. பத்து நாளா ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துகினு கீது, உள்ள போறதுக்குப் போலீசைக் கேக்கணும்னு. கை போனது போச்சு. அதைக் கேக்கல. திருடன்னு ஜெயிலுக்குப் போவக்கூடாது. அதுக்கு மட்டும் ஒரு காயிதம் எழுதிக் குடு. நடந்ததை எழுது.

கியாசுதீன்: எழுதினா போலீசு நேரா இங்க வரும். துப்பாக்கி வேலை பண்ண லைசென்ஸு இல்லாத பட்டறை. லேத்துக்கு சீலு வெச்சிடுவான். என்னையும் புடிச்சுப் போடுவான். ரஜபு மாசம் ஷாஜாதிக்கு நிக்காஹ் வெச்சிகீது தனகோடி. மாப்புள்ள வூட்டுக்காரன் கேள்விப்பட்டா...

ரோஷன் பீவி: அந்தப் புள்ளைக்கும் கல்யாணம் ஆயிகீதுங்க.

கியாசுதீன்: நீ சும்மா இரு.

ரோஷன் பீவி: இருக்கேன். மசிக்கூடு அலமாரியில கீது, எடுத்தாந்து வெச்சிட்டு சும்மா இருக்கேன். நோட்டுப் புஸ்தகத்துல நடுப்பக்கம் கிழிச்சு எழுதுங்க, ஓரத்துல கறை இல்லாம இருக்கும்.

தனகோடி: பாய்?

கியாசுதீன்: கடுதாசியை எரிக்கச் சொல்லிகீறாரு.

தனகோடி: ஆமா.

கியாசுதீன்: இந்தா, நீயே வெச்சிக்க. தேவசகாயம் கிட்ட குடு. அவரு கையெழுத்து அதுல கீது... என் எழுத்து வெறும் கிறுக்கல். கோர்ட்டுல ஒருத்தனுக்கும் புரியாது. நீ எழுது. நான் கீழே கையெழுத்துப் போடறேன்.

தனகோடி: எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நேரம் புடிக்கும்.

கியாசுதீன்: புடிக்கட்டும். ஆனா இந்தத் துட்டு வேணாம்ப்பா. எடுத்துகினு போ. உன் தம்பிக்குப் பழம் வாங்கிக் குடு. அந்தப் பாக்கியைத் தள்ளிட்டேன்.

தனகோடி: தள்ளாத. நீ துட்டு வாங்கினாதான் வேலை நடந்துச்சுன்னு அர்த்தம். துட்டு வாங்காதவன் ரசீது எழுதினா வக்கீலு சிரிப்பான். மொதலாளி கையால வந்த துட்டு, மொதலாளி சொன்ன கணக்கு. வாங்கிக்க.

கியாசுதீன்: அந்தக் கைக்கு வெலை மாதிரி கீதுப்பா, இது.

தனகோடி: வாங்கிக்க பாய். வாங்கி மேஜை மேல வை... ஆங். இப்போ சொல்லு, எழுதறேன்.

கியாசுதீன்: தேதி போடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்து நாலு...

தனகோடி: போட்டேன். நீ பேச்சுல சொல்லு, எழுத்துல நான் மாத்திக்கறேன். டீச்சரம்மா அதைத்தான் மொதல்ல சொல்லிக் குடுத்தாங்க... அவசரப்படுத்தாத... இரு... படிக்கறேன், கேளு. 'கருங்குழி கோதண்டராமன் அவர்களுக்கு. தாங்கள் நேரில் கொண்டு வந்து கொடுத்த தங்கள் பட்டாளத்து ரிவால்வரின் உருளையை என் லேத்தில் குறைத்து, தாங்கள் கொடுத்த அமெரிக்கத் தோட்டா உட்காரும்படி தகடு இரண்டு செய்து கொடுத்த கூலி ரூபாய் ஏழு அணா எட்டு இன்று முழுவதும் பெற்றுக்கொண்டேன். இனி பாக்கி இல்லை.'

ரோஷன் பீவி: நல்லா எழுதிகீறியேப்பா. எங்க வூட்டுக்காரரு கிறுக்கல் மாதிரி இல்ல.

தனகோடி: கையெழுத்துப் போடு பாய்.

கியாசுதீன்: போட்டுட்டேன்... தனகோடி, அந்தக் காயிதத்துல கீழ எடம் கீதா?

தனகோடி: நாலஞ்சு வரிக்குக் கீது. ஏன்?

கியாசுதீன்: இன்னும் ஒண்ணு கீது. அதை எழுதலைன்னா, இவ்ளோ எழுதினதும் பொய்யாப் போயிடும். ரோஷன் பீவி, நீ...

ரோஷன் பீவி: நான் எங்கியும் போவல. சொல்லுங்க.

கியாசுதீன்: அன்னிக்கு வேலை முடிஞ்சு ரிவால்வரை அவரு கையில குடுத்தேன். 'நம்பி சுடலாமா பாய்'னு கேட்டாரு. எனக்கு அந்த சார்ஜன்ட்டு மூஞ்சி கண்ணு முன்னால வந்துச்சு. வேணாம் ஐயா, எடுத்து உள்ள வையுங்கன்னு சொல்ல வாய் எடுத்தேன். சொன்னா கூலி குடுப்பாரா? அதுவும் ஞாபகம் வந்துச்சு. 'மொத ஆறு வேட்டும் நீங்க போடாதீங்க ஐயா'ன்னு சொன்னேன். மரத்துல கட்டி, தூரமா நின்னு கயித்தால இழுங்கன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். அல்லா மேல ஆணையா நெனச்சேன். அதுக்குள்ள அவரு சிரிச்சாரு. 'அதுக்கென்ன, ஆளுக்கா பஞ்சம்'னாரு. அவரு இன்னா சொல்றாருன்னு எனக்குப் புரிஞ்சுது. கயிறுன்னு சொல்லல நான். நானும் கூட சேந்து சிரிச்சேன்.

ரோஷன் பீவி: யா ரப்பே...

கியாசுதீன்: அதை எழுதுப்பா. நான் சிரிச்சதையும் எழுது. எழுதிட்டு என்னை இன்னா வேணா பண்ணு... ஏன் சும்மா கீறே? அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

தனகோடி: எழுதிகினு கீறேன். 'மொத ஆறு வேட்டும்'... 'முதல்'னு போடணும்... 'நீங்கள் போடாதீர்கள்'... 'ஆளுக்கா பஞ்சம்.' எழுதிட்டேன்.

கியாசுதீன்: உனக்குக் கோவம் வரலியா?

தனகோடி: எனக்குத் தெரியும் பாய்.

கியாசுதீன்: இன்னா தெரியும்? அந்தப் பேச்சு பேசறப்போ இங்க நானும் அவரும்தானே இருந்தோம்.

தனகோடி: வாசல்ல வண்டி நின்னுது. மாட்டைப் புடிச்சுகினு நின்னது வேற ஆளு இல்ல, நான்தான். நீ சொன்னதும் கேட்டுது, அவரு சிரிச்சதும் கேட்டுது, நீ சிரிச்சதும் கேட்டுது. தோப்புல அவரு ரிவால்வரை மொதல்ல என்கிட்டதான் நீட்டினாரு. 'எனக்குக் கண்ணு சரியில்ல சாமி, என் தம்பி மிலிட்டரி, அவன் போடுவான்'னு சொல்லி, மரம் வெட்டிகினு இருந்தவனை நான்தான் கூவிக் கூப்ட்டேன். அண்ணன் கூப்புடறான்னு கோடாலியைக் கீழ போட்டுட்டு சிரிச்சிகினே ஓடி வந்தான், பாய்.